தீக்காவற் பரண்களும் ஊரார் கடமையும்

மலையடிவாரத்தில் சோளமும் தினையும் பயிரிடும் குடியானவர்களுக்குப் பரண் என்பது புதிய பொருளன்று. நான்கு கால்கள் நட்டு, மேலே மூங்கில் தட்டி பரப்பி, ஆள் ஒருவன் ஏறி அமர்ந்துவிட்டால் ஐந்தாறு ஏக்கர் கொல்லையை ஒரு ஜதைக் கண்கள் காத்துவிடும். வேலி எவ்வளவு பலமானதாயினும், பார்த்திருப்பவன் இல்லாத கொல்லையின் விளைவு முழுமையாக வீடு வந்து சேர்வதில்லை என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இதே போன்ற பரணைப் பயிருக்கன்றிக் காட்டிற்கென்று வைத்துக் காத்து வந்த தேசம் ஒன்று உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டில் மலைச் சிகரங்களின்மேல் தீக்காவற் கோபுரங்கள் ஆயிரக்கணக்கில் எழுப்பப்பட்டன. அவற்றில் ஸர்க்கார் சம்பளம் கொடுத்து ஆள் வைத்த காலம் பெரும்பாலும் கழிந்துவிட்டது. ஆயினும் அக்கோபுரங்களிற் பலவற்றை இன்று சம்பளம் பெறாத சாதாரண ஜனங்கள் பழுது பார்த்து, முறை வைத்துக்கொண்டு ஏறி அமர்ந்து காத்து வருகிறார்கள்.

விவசாயப் பத்திரிகையில் அயல் நாட்டுக் காட்டுக் கோபுரங்களுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நம் வாய்க்கால்களிற் பலவற்றில் ஓடும் நீர் மலைமேற் காட்டினின்றே இறங்கி வருகின்றது. காடு எரிந்த சரிவிற் பெய்யும் மழை நின்று ஊறாமல், மண்ணையும் சாம்பலையும் வாரிக்கொண்டு ஏரியில் வந்து விழுகின்றது. ஆதலின் காட்டுத் தீ காட்டு இலாகாவின் விவகாரம் மாத்திரம் அன்று. ஆயக்கட்டில் நிலம் வைத்திருக்கும் ஒவ்வொருவருடைய விவகாரமும் ஆகும். அத்தொண்டர்கள் செய்துவரும் வேலையில் நாம் மேற்கொள்ளத் தக்கது எது, தகாதது எது என்பது பற்றி என் அபிப்பிராயத்தைக் கூறவே இதனை எழுதலானேன்.

கோபுரங்கள் தோன்றிய வரலாறு

அந்நாட்டின் மத்திய காட்டு இலாகா 1905ஆம் ஆண்டில் ஏற்பட்டது. ஐந்தாண்டு கழிந்து, 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20, 21 தேதிகளில், ஐடஹோ, மான்டானா ஆகிய மேற்கு மாகாணங்களில் ஆங்காங்கே புகைந்துகொண்டிருந்த தீக்களைப் பெருங்காற்று ஒன்று சேர்த்துவிட்டது. இரண்டே நாட்களில் சுமார் 30 லட்சம் ஏக்கர் காடு வெந்தது. எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பெரும்பாலார் தீயணைக்கச் சென்றவர்களே. சிறு தீயாக இருக்கும்போதே கண்டு சென்று அணைக்காவிடில், பெருந்தீயான பின்பு எத்தனை ஆட்களைத் திரட்டினும் பயனில்லை என்ற பாடத்தை அவ்விரண்டு நாட்களும் கற்பித்தன.

மறு வருஷமே, அதாவது 1911இல், வீக்ஸ் சட்டம் எனப்படும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. கப்பல் செல்லும் ஆறுகளின் தலைப்புப் பிரதேசங்களைக் காக்கும் பொருட்டுக் காட்டு நிலங்களை விலைக்கு வாங்கவும், தீத்தடுப்பு வேலையில் மாகாண ஸர்க்கார்களுடன் கூடி உழைக்கவும் மத்திய ஸர்க்காருக்கு அது அதிகாரம் அளித்தது. மரத்தை மாத்திரம் கருதாமல் ஆற்று நீரையும் கருதியே அச்சட்டம் பிறந்தது என்பதை நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

அதன் பின்னர்க் கோபுரங்கள் விரைவாகப் பெருகின. 1933 முதல் 1942 வரை, வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்திருந்த காலத்தில், இளைஞர்களை மாதம் 30 டாலர் சம்பளத்திற்கு அமர்த்தி, அதிற் பெரும்பகுதியை அவர்கள் வீட்டிற்கே அனுப்பி, காட்டு வேலைகளிலும் பாதை போடுவதிலும் கோபுரம் கட்டுவதிலும் அந்த ஸர்க்கார் ஈடுபடுத்தியது. கிழக்குப் பகுதிகளில் எழுந்த இரும்புக் கோபுரங்களிற் பலவற்றைச் செய்து கொடுத்தது, கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் காற்றாடி இயந்திரங்களைச் செய்து குடியானவர்களுக்கு விற்று வந்த சிக்காகோ கம்பெனியொன்றே என்பது நம்மவர்க்குச் சுவையான செய்தியாகும். காற்றாடியைத் தாங்கிய சட்டத்தைச் சற்று உயரமும் பலமும் கூட்டி அமைத்து, உச்சியில் ஆள் தங்கும் சிறு அறையை வைத்தார்கள்.

வேலை நடக்கும் விதம்

மேற்கு மலைகளிலுள்ள காவல் அறைகளிற் பல 14 அடி நீளமும் 14 அடி அகலமும் உள்ளவை. நான்கு புறமும் கண்ணாடி ஜன்னல். ஒரு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு மேஜை. அறையின் நடுவில் ஆஸ்பர்ன் என்ற காட்டு இலாகா உத்தியோகஸ்தர் 1911ஆம் ஆண்டையொட்டி உருவாக்கிய தீக்குறி கருவி நிற்கும். அந்தக் கோபுரத்தையே மையமாக வைத்து வரைந்த வட்டமான நிலப்படம் ஒன்றும், அதைச் சுற்றிப் பாகை குறித்த வளையமும், வளையத்தின் இரு புறமும் எதிரெதிராக நிற்கும் பார்வைத் துவாரங்களுமே அக்கருவியாகும். புகை தென்பட்டால் காவலர் வளையத்தைத் திருப்பி, துவாரத்தின் வழியே புகையை நேராக்கி, திசையின் பாகையைப் படித்துச் சொல்லுவார். வேறொரு சிகரத்திலுள்ள காவலரும் அதே புகையின் பாகையைச் சொன்னால், படத்தில் இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் தீ இருக்கிறது என்று நிச்சயிக்கலாம். சர்வே வேலையில் பழகிய கிராம உத்தியோகஸ்தர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இடியும் மின்னலும் வரும்போது, கால்களில் கண்ணாடிக் குமிழ் பொருத்திய முக்காலியின்மேல் நின்றுகொண்டு, மின்னல் எங்கெங்கு விழுகிறது என்று காவலர் குறித்துக்கொள்வார். அங்கெல்லாம் மறுநாளும் அதற்கடுத்த நாளும் புகை கிளம்பலாம். இவ்வேலை ஆடவர்க்கே உரியது என்ற எண்ணமும் விரைவில் மாறியது. கலிபோர்னியா மாகாணத்துக் கிளாமத் காட்டில் 1913இல் ஹாலி டாகெட் என்ற பெண்மணி காவலராக நியமிக்கப்பட்டார். தனியிடத்தில் அஞ்சி இறங்கிவிடுவார் என்று சிலர் ஐயுற்றனர். அவரோ பல ஆண்டுகள் தொடர்ந்து அவ்வேலையைச் செவ்வனே செய்தார்.

ஓய்வு பெற்ற கோபுரங்களும் ஏறி வந்த தொண்டர்களும்

பின்னர் ஆகாய விமானங்கள் வந்தன. மலைப் பாதைகள் பெருகின. வீடுதோறும் டெலிபோன் வந்தது. இறுதியில் துணைக்கோள்களும் தாமே சுழன்று பார்க்கும் காமிராக்களும் வந்தன. ஒரு காலத்தில் அந்நாடெங்கும் 8,000க்கு மேற்பட்டனவாக இருந்த காவலிடங்களில் இன்று பருவந்தோறும் ஆள் இருந்து காப்பவை சில நூறே. மற்றவற்றிற் பல இடிக்கப்பட்டன, சில கொளுத்தப்பட்டன, சில பனியிலும் காற்றிலும் தாமே சரிந்தன.

எஞ்சியவற்றைக் காப்பதற்காக 1990இல் தீக்காவற் கோபுரச் சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. நியூயார்க் மாகாணத்துக் கேட்ஸ்கில் மலைகளிலிருந்த கோபுரங்களில் கடைசிக் காவலரும் 1990இல் நிறுத்தப்பட்டார். படிகள் உளுத்து, ஏறுவது அபாயமென்று அவை மூடப்பட்டன. சுற்றுப்புற ஊரார் பணம் திரட்டி, மாகாண ஸர்க்காருடன் சேர்ந்து, எஞ்சி நின்ற ஐந்து கோபுரங்களையும் பழுது பார்த்துத் திறந்தனர். வெயிற் காலத்து வார இறுதி நாட்களில் தொண்டர்கள் முறை வைத்து மேலே இருந்து, வருவோருக்கு மலையின் அமைப்பையும் தீயின் அபாயத்தையும் எடுத்துரைக்கிறார்கள். நியூயார்க் நகரத்தார் பருகும் நீரில் மிகப் பெரும்பகுதி அம்மலைகளையும் அவற்றையடுத்த பிரதேசத்தையும் சேர்ந்த நீர்த்தேக்கங்களினின்றே வருகிறது என்பதையும் இங்கு நினைவு கூர வேண்டும்.

கலிபோர்னியாவின் தென்பகுதியிலுள்ள சான் பெர்னார்டினோ காட்டில் தொண்டர்கள் செய்வது இதனினும் அதிகம். அவர்கள் பயிற்சி பெற்று, தீப் பருவத்தில் நாள் முறை ஏற்று, அதே ஆஸ்பர்ன் கருவியால் பாகை பார்த்து, ரேடியோ மூலம் காட்டு இலாகாவிற்குப் புகையைத் தெரிவிக்கிறார்கள். அதற்கு அடுத்த ஏஞ்சலிஸ் காட்டில் வெட்டர் மலைமீது 1935இல் கட்டப்பட்ட காவல் அறை 2009ஆம் ஆண்டுப் பெருந்தீயில் எரிந்தொழிந்தது. அதில் முன்பு முறை இருந்த தொண்டர்கள் அத்துடன் வீடு திரும்பிவிடவில்லை. வருஷக் கணக்கில் உழைத்து அதே சிகரத்தில் அறையை மீண்டும் எழுப்பினர்.

இரண்டு ஆட்சேபங்கள்

இயந்திரம் செய்யும் வேலைக்கு மனிதன் எதற்கு என்பது முதல் ஆட்சேபம். இதில் நியாயம் உண்டு. காமிரா உறங்குவதில்லை, இருளிலும் பார்க்கிறது. கலிபோர்னியாவில் 1,000க்கு மேற்பட்ட காமிராக்கள் மலைகளைப் பார்த்திருக்கின்றன. 2023 முதல் அவை காட்டும் படங்களில் புகையைக் கண்டறியக் கணிப்பொறியே அமர்த்தப்பட்டுள்ளது. நமது தேசத்திலும் இந்தியக் காட்டு அளவை நிலையத்தார் துணைக்கோள் காட்டும் தீப்புள்ளிகளை மாகாணக் காட்டு இலாகாக்களுக்குச் செய்தியாக அனுப்பி வருகிறார்கள்; விரும்பிப் பதிவு செய்துகொள்ளும் எவருக்கும் அச்செய்தி கைப்பேசியில் வரும். இவை பெரு நன்மைகள். இவற்றைக் குறை கூறுவது பேதைமை.

ஆயினும் அவற்றின் எல்லையையும் அறிய வேண்டும். இவ்வேலைக்கு உதவும் துணைக்கோள் ஒன்று ஒரே இடத்தின்மேல் பகலில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் கடப்பது. கடந்த பின்பு மூண்ட தீயை அது அடுத்த முறையே காணும். அது காட்டும் ஒரு புள்ளி 375 மீட்டர் சதுரம், அதாவது ஏறக்குறைய 35 ஏக்கர். அதற்குள் எந்த ஓடைக்கரையில், எந்தப் பாறை மறைவில் தீ உள்ளது என்பதை அவ்விடம் அறிந்தவரே சொல்ல முடியும். மேகம் மூடினால் அதற்குக் கண் தெரியாது. மேலும், செய்தி வந்து சேர்ந்தபின் எழுந்து போக வேண்டியவர் மனிதரே. பழைய கண்ணும் புதிய கருவியும் ஒன்றுக்கொன்று துணை. ஒன்று வந்ததால் மற்றதைப் போக்கிவிட வேண்டும் என்பது இல்லை.

தொண்டர் கிடைக்கிறார் என்றால் சம்பளக்காரரை நிறுத்திவிடுவார்களே என்பது இரண்டாவது ஆட்சேபம். இது மெய்யாகவே அஞ்சத் தக்கது. என் அபிப்பிராயத்தில், பார்ப்பது வேறு, அணைப்பது வேறு. தீயை எதிர்கொண்டு அணைப்பது பயிற்சியும் கருவியும் சம்பளமும் பெற்ற ஊழியர்களின் வேலை; அதைத் தொண்டரிடம் விடுவது அவர்கள் உயிருடன் விளையாடுவதாகும். தேனி ஜில்லாவைச் சேர்ந்த குரங்கணி மலையில் 2018 மார்ச்சு மாதம் 11ஆம் தேதி மூண்ட தீயில், மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறக்கலாகாது. காய்ந்த புல் சரிவில் காற்றுடன் ஏறும் தீ ஓடுகிறவனைக் காட்டிலும் விரைந்து ஓடும். தொண்டர் செய்யத் தக்கது பார்த்தலும் சொல்லுதலும் மாத்திரமே. அவ்வெல்லைக்குள் நிற்கும் தொண்டு ஊழியரின் வேலையைப் பறிப்பதன்று. அவர்கள் வீணே அலைவதைக் குறைப்பதாகும்.

அந்நாட்டார் செய்த பிழைகளினின்றும் நாம் கற்க வேண்டும். 1935இல் அவர்கள், எந்தத் தீயாயினும் மறுநாட் காலை 10 மணிக்குள் அடக்கப்பட வேண்டும் என்று விதி செய்தனர். சிறு தீயே தொடாத காடுகளிற் பலவற்றில் சருகும் சுள்ளியும் ஆண்டாண்டாகக் குவிந்து, பின்வந்த தீக்களுக்குப் பெருந் தீனியாயின. 1970க்குப்பின் அவ்விதி கைவிடப்பட்டது. எதை உடனே அணைப்பது, எதை எல்லைக்குள் எரியவிடுவது என்று தேர்ந்தவர்கள் தீர்மானிக்கலாம். ஆனால் முதலில் அதைக் கண்டவர் ஒருவர் வேண்டும். மற்றொரு பிழை சிறியது, ஆனால் நம் காதில் விழ வேண்டியது. நீடில்ஸ் என்னும் பாறை உச்சியில் 1930களில் கட்டப்பட்ட புகழ்பெற்ற காவல் அறை 2011 ஜூலையில் எரிந்து போயிற்று. அதனை எரித்தது காட்டுத் தீயன்று. அதன் சொந்த அடுப்பின் புகைபோக்கியினின்று பறந்த பொறியே. தீயைப் பார்த்திருப்பவனும் தன் கைத்தீயை முதலிற் பார்க்க வேண்டும்.

நான் கண்ட ஒரு நாள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி மாதம், மலையடிவாரத்து ஊரொன்றில், தட்டையைக் கொளுத்தாமல் மட்க வைத்து எருவாக்கும் முறையைச் செய்து காட்டிக்கொண்டிருந்தேன். சுமார் முப்பது குடியானவர்கள் சூழ்ந்து நின்றனர். பிற்பகல் இரண்டு மணி இருக்கும். எதிர்ச் சரிவில் மெல்லிய புகை ஒன்று எழுந்தது. நானும் கண்டேன். யாரோ முள் கொளுத்துகிறார்கள் என்று ஒருவர் சொன்னார். நான் குழியின் அளவைப் பற்றிப் பேசத் தொடர்ந்தேன்.

அந்தி சாயும்போது காற்றுத் திரும்பியது. உண்ணிச்செடிப் புதர் வழியே தீ இறங்கி வந்து, ஓரத்திலிருந்த இரண்டு வைக்கோற்போர்களையும், ஒருவர் மூன்று கோடையாகக் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த அறுபது ஒட்டு மாங்கன்றுகளையும் தீய்த்துவிட்டது. காட்டு இலாகாவினர் விஷயம் அறிந்தபோது மணி ஏழு.

மறுநாள் அங்கு சென்று கருகிய கன்றுகளின் நடுவே நின்றபோது, முதல் நாள் என் எதிரில் நின்ற முதியவர் ஒருவரைப் பார்த்து, "பெரியவரே, நீங்களும் புகையைப் பார்த்தீர்கள் அல்லவா?" என்று கேட்டேன். "பார்த்தேன் ஐயா. கிட்டத்தில் இருப்பவர்கள் சொல்லியிருப்பார்கள் என்று இருந்துவிட்டேன். தாங்களும் அங்கேதானே இருந்தீர்கள்?" என்றார். எனக்கு விடை வரவில்லை. விசாரித்ததில், அடுத்த இரண்டு ஊர்களிலும் அதே புகையைப் பலர் அதே நேரத்திற் கண்டிருந்தனர். ஏறக்குறைய நூறு பேர் கண்டோம், ஒருவரும் சொல்லவில்லை. எல்லோர் கையிலும் பேசும் கருவி இருந்தது.

அன்று முதல் கோபுரத்தைப் பற்றிய என் எண்ணம் மாறியது. கோபுரத்தின் சிறப்பு அதன் உயரத்தில் இல்லை. இன்று பார்க்க வேண்டியவர் இன்னார், கண்டால் சொல்ல வேண்டிய இடம் இன்னது என்று முன்னதாகவே நியமித்திருப்பதில்தான் அதன் சிறப்பெல்லாம் உள்ளது. கண்ணில் படுவதெல்லாம் காவல் ஆகாது. அமெரிக்கத் தொண்டர்களிடமிருந்து நாம் பெற வேண்டியது இரும்பும் கண்ணாடியும் அல்ல. அவர்கள் சுவரில் மாட்டி வைத்திருக்கும் முறைப் பட்டியலே.

செய்யத் தக்கவை

மலையடிவாரத்துக் கிராமங்களில் இதற்குப் பெருஞ் செலவு ஒன்றும் இல்லை. மாசி பிறந்தது முதல் கோடை மழை நன்கு பெய்யும் வரை, நாளொன்றுக்கு இருவர் வீதம் பெயர் எழுதிப் பஞ்சாயத்துக் கட்டடத்தின் சுவரில் ஒட்டலாம். சரிவு முழுவதும் தெரியும் மேடோ கோயில் திண்ணையோ நீர்த்தொட்டியின் அடியோ அவர்கள் நண்பகலிலும் பிற்பகலிலும் சென்று பார்க்கும் இடமாகலாம். காட்டு இலாகாவின் சரக அலுவலக டெலிபோன் எண்ணை அப்பட்டியலின் தலையிலேயே பெரிய எழுத்தில் எழுத வேண்டும். புகை கண்ட நேரம், எந்தப் பாறைக்கு எந்தப் பக்கம், காற்று எத்திசை என்ற மூன்றையும் சொன்னாற் போதும். எக்காரணத்தாலும் தாமே தீயை நோக்கி ஏறலாகாது. அடுத்த ஊராரும் இதே போன்று செய்வாராயின், இரு ஊர்களின் பார்வையும் வெட்டும் இடம் தானே விளங்கும்.

அத்துடன், முள்ளும் தட்டையும் எரிக்க எண்ணுவோர் கூடியவரை அதைத் தவிர்த்து எருவாக்க வேண்டும். தவிர்க்க இயலாத இடத்தில், காற்றடங்கிய காலை வேளையில், முறைக்காரருக்கு முன்னறிவித்து, சுற்றிலும் மண் தெரியச் செதுக்கி, நீருடன் நின்று, சாம்பல் ஆறிய பின்பே அகல வேண்டும். காட்டை ஒட்டிய பட்டா எல்லையில் புல்லையும் சருகையும் வாரித் தீக்கோடு எடுப்பது, வரப்பு வெட்டுவது போன்று ஆண்டு வேலைகளில் ஒன்றாக வேண்டும். பட்டியலை வைத்துக் காப்பதும், முறை தவறியவரை நினைவூட்டுவதும் கிராம உத்தியோகஸ்தர்கள் ஏற்கத் தக்க சிறு பொறுப்பு.

ஒன்றை மாத்திரம் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். இம்முறையில் நிலமுடையோர் தம் பெயரை எழுதிவிட்டுப் பண்ணையாளை அனுப்புவது கூடாது. எரிவது நம் நீரின் தலைப்பு. லாபம் நமக்கு, வெயில் பிறர்க்கு என்றால் அது தொண்டு ஆகாது. தீப் பருவத்தில் காட்டு இலாகாவின் காவல் வேலைக்குச் செல்லும் மலைவாசிகளுக்கு உரிய கூலி தவறாமல் கிடைக்க வேண்டும் என்று கேட்பதும் நம் கடமையே. சம்பளக்காரரின் சம்பளத்தையும் தொண்டரின் முறையையும் ஒருங்கே காப்பாற்றும் ஊரே காட்டையும் காப்பாற்றும்.

அந்த மாங்கன்றுகளின் சொந்தக்காரர் அவ்வருஷம் ஆடியில் மீண்டும் நட்டார். இப்பொழுது அவ்வூர்ப் பஞ்சாயத்துச் சுவரில் கோடைதோறும் ஒரு பட்டியல் ஒட்டப்படுகிறது. செய்முறை காட்ட நான் செல்லும் நாட்களில் என் பெயரையும் அதில் எழுதிவிடுகிறார்கள். மற்ற ஊரார்களும் வரும் மாசிக்கு முன் தங்கள் சுவரில் இத்தகைய காகிதம் ஒன்றை ஒட்டுவார்களாயின், இதனை எழுதிய என் உழைப்பு வீணாகவில்லை என்று மகிழ்வேன்.